காடு, மலை, சமவெளி: ஒரே ரைஃபிளுக்கு எந்தக் காலிபர்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பெரிய விலங்கு வேட்டைக்கு ஒரே ஒரு ரைஃபிள் வாங்கப் போகிறீர்கள். அடர்ந்த காட்டில் மானும் காட்டுப்பன்றியும், மலையில் காட்டாடும், திறந்தவெளியில் எல்க் என்ற பெரிய மானும் உங்கள் திட்டத்தில் இருக்கின்றன. .308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், .300 வின்செஸ்டர் மேக்னம் (வெடிமருந்து அதிகம் உள்ள பலமான தோட்டா) என்ற மூன்று காலிபர்களில், அதாவது தோட்டா வகைகளில், எதை எடுப்பது என்று தெரியவில்லை. மூன்றில் எது பலமானது என்பது உங்களுக்கே தெரியும், அது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. நிலம் மாறும்போது தோட்டாவிடம் நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றம் முழுவதையும் ஒரே காலிபர் சமாளிக்குமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பல வருடங்களாக ரைஃபிள் பயிற்சி கொடுத்துவருகிறேன். மான் வகைகள், காட்டுப்பன்றி, எல்க் ஆகியவற்றை நேரில் அறிவேன். ஆப்பிரிக்க எருமை, பழுப்புக் கரடி போன்ற ஆபத்தான விலங்குகளை நான் வேட்டையாடியதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சட்டம் சொல்வதையும் அங்கே வழிகாட்டிகள் கடைப்பிடிப்பதையும் மட்டும் சொல்கிறேன். இன்னொன்று, நீங்கள் வேட்டைக்குப் போகும் நாட்டின் சட்டமே முதலில் பாதி முடிவை எடுத்துவிடும். ஜெர்மனியில் செம்மான் போன்ற பெரிய விலங்குகளுக்குக் குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனைப் பகுதி) விட்டம் குறைந்தது 6.5 மி.மீ. இருக்க வேண்டும், 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்க வேண்டும். சிறிய ரோ மானுக்கு 1000 ஜூல் போதும். ஸ்வீடனில் மூஸ் என்ற மிகப் பெரிய மானுக்கான விதி குண்டின் எடையையும் பார்க்கிறது: 10 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் 100 மீட்டரில் 2000 ஜூல் போதும், 9 முதல் 10 கிராமுக்குள் இருந்தால் 2700 ஜூல் வேண்டும். இப்படிப்பட்ட வரம்புகளைப் பார்த்த பிறகுதான் காலிபர் பட்டியலையே கையில் எடுக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். விலங்கைக் கொல்வது குண்டின் வேகமும் இல்லை, காகிதத்தில் எழுதிய ஆற்றலும் இல்லை. நுரையீரலையும் இதயத்தையும் கிழித்துச் செல்லும் ஒரு துளைதான் கொல்கிறது. அந்தத் துளை போதிய அகலமாக இருக்க வேண்டுமானால் குண்டு உள்ளே போனதும் விரிய வேண்டும். போதிய ஆழமாக இருக்க வேண்டுமானால் விரிந்த பிறகும் சிதறாமல் முன்னேற வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. குண்டு எந்த வேகத்தில் விலங்கின் மேல் படுகிறது என்பதே இரண்டுக்கும் நடுவில் சமநிலையைத் தீர்மானிக்கிறது. அந்த வேகத்தைத் தீர்மானிப்பது தூரம், தூரத்தைத் தீர்மானிப்பது நிலம். அதனால் நிலம் மாறும்போது முதலில் மாற வேண்டியது குண்டின் கட்டமைப்பு, காலிபர் இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தலைகீழாக யோசிக்கிறார்கள். காலிபருக்கு மாதக்கணக்கில் வாதம் செய்துவிட்டு, குண்டைக் கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்குகிறார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செப்பு உறைக்குள் ஈயத்தை வெறுமனே அடைத்துச் செய்யும் சாதாரணக் குண்டு, நடுத்தர வேகத்தில் மானைத் தாக்கினால் மிக நன்றாக வேலை செய்யும். அதையே .300 மேக்னத்தில் போட்டு, முப்பது மீட்டரில் நிற்கும் பெரிய ஆண் பன்றியின் தோள் எலும்பில் சுட்டால், குண்டு மேலேயே உடைந்து சிதறலாம். மேல் காயம் பெரிதாக இருக்கும், உள்ளே ஆழம் இருக்காது, விலங்கு ஓடிவிடும். ஜான் நோஸ்லர் 1940களில் கனடாவில் ஒரு மூஸைச் சுட்டபோது அவருடைய வேகமான குண்டுகள் சேறு காய்ந்திருந்த தோலைத் தாண்டி உள்ளே போகவில்லை. அதன் விளைவாக அவர் உருவாக்கியதுதான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டு. முன்பாதி விரிந்து உடைந்தாலும் பின்பாதி ஒரே துண்டாக முன்னேறும். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த வடிவம் இன்றைக்கும் விற்கிறது. பிறகு ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த குண்டுகள் வந்தன, 1989இல் பார்ன்ஸ் நிறுவனம் முழுச் செப்பாலான குண்டைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் அருகில் சுட்டாலும் சிதறாது. ஆனால் வேகம் குறைந்தால் சரியாக விரியாது. ஒட்டிய ஈயக் குண்டு விரிய நொடிக்குச் சுமார் 550 மீட்டர் வேகமாவது வேண்டும். செப்புக் குண்டுக்கு 600 மீட்டருக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. குண்டுக்குக் குண்டு இது மாறும், தயாரிப்பாளர் வெளியிடும் குறைந்தபட்ச வேகத்தைப் படித்துப் பாருங்கள்.

இப்போது காட்டைப் பார்ப்போம். அடர்ந்த காட்டில் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் சுடுவீர்கள், பல சமயம் நாற்பதுக்குள். குண்டு அதிகம் இறங்காமல் போகும் தட்டையான பாதையால் அங்கே எந்தப் பயனும் இல்லை. விலங்கு தெரிவது சில நொடிகள். தோளுக்குச் சட்டென்று வரும் குட்டையான ரைஃபிளும், குறைந்த உருப்பெருக்கத்தில் அகலமாகக் காட்டும் ஸ்கோப்பும்தான் வேண்டும். ஒரு மடங்கு உருப்பெருக்கத்தில் ஆரம்பிக்கும் ஸ்கோப்பாக இருந்தால் இன்னும் நல்லது. 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர், அதைவிட மெதுவான 1873ஆம் ஆண்டு .45-70 இரண்டும் இன்றுவரை காட்டில் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இவற்றைச் சுடும் ரைஃபிள்களில் பலவற்றில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகசின் இருக்கும்; அதில் ஒரு தோட்டாவின் முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (பற்றவைக்கும் அடிப்பகுதியில்) மோதிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றில் பெரும்பாலும் தட்டை முனைக் குண்டு போடுவார்கள். உங்கள் பட்டியலில் .308 இந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். 51 செ.மீ. குழலில் அது இழக்கும் வேகம் மிகக் குறைவு, குழலில் குறையும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நொடிக்கு ஆறேழு மீட்டர். மேக்னத்தின் குழலைக் குறைத்தால் இழப்பு இதைவிட அதிகம், வெடிச் சத்தமும் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும்.

காட்டைப் பற்றிய ஒரு நம்பிக்கையை இங்கேயே தீர்த்துவிடலாம். கனமான, மெதுவான, மழுங்கிய குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று சொல்வார்கள். அப்படி நம்பிச் சுடக் கூடாது. எந்தக் குண்டும் கிளையில் பட்டால் விலகும். கிளை விலங்குக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த விலகலால் அது கொல்லும் வேட்டாகவோ காயப்படுத்தும் வேட்டாகவோ மாறும். கனமான குண்டு சராசரியாகக் கொஞ்சம் குறைவாக விலகுகிறதா என்பதில் சோதனை செய்தவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. கிளைகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்கும் வரை காத்திருங்கள், கிடைக்காவிட்டால் சுட வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலையில் கணக்கு வேறு. காட்டாடுகளும் மலைச் செம்மறிகளும் எல்க் அளவுக்குப் பெரியவை அல்ல, ஆகவே விலங்கின் அளவு பெரிய காலிபரைக் கேட்கவில்லை. ரைஃபிளை நாள் முழுக்க ஏற்றத்தில் சுமப்பது நீங்கள். அதனால் எல்லோரும் இலகுவான ரைஃபிளைத் தேடுகிறார்கள், அதில் ஒரு வலை இருக்கிறது. ஒரே தோட்டாவுக்கு, பின்னுதையின் ஆற்றல் ரைஃபிளின் எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 3.6 கிலோ ரைஃபிளை 2.7 கிலோவாகக் குறைத்தால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். 3.6 கிலோவில் 6.5 கிரீட்மோர் சுமார் 17 ஜூல், .308 சுமார் 24 ஜூல், .300 மேக்னம் சுமார் 35 ஜூல் உதைக்கும். மேக்னத்தை 2.7 கிலோவில் வைத்தால் 47 ஜூலுக்குப் போய்விடும். சாதாரண எடை ரைஃபிளில் .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் கொடுக்கும் உதைக்கு இது பக்கத்தில் வருகிறது. மூச்சிரைத்துக்கொண்டு, பாறை மேல் கோணலாகப் படுத்துக்கொண்டு இதைச் சுடுபவர்களில் பலர் விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடுகிறார்கள். பயிற்சித் தளத்தில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைச் சொல்லாமல் விசையை இழுக்கச் சொன்னால் துப்பாக்கி முனை கீழே துள்ளுவது எனக்குத் தெரிகிறது, சுடுபவருக்குத் தெரிவதில்லை. மலைக்கு 6.5 கிரீட்மோரையோ .270 வின்செஸ்டரையோ 7 மி.மீ.-08ஐயோ நான் சொல்வதற்கு இந்த உதைதான் முதல் காரணம்.

மலையில் இன்னொரு சிக்கல், சாய்வாகச் சுடுவது. மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் ஈர்ப்பு விசை குண்டை இழுப்பது கிடைத்தூரத்துக்கு ஏற்பத்தான். 300 மீட்டர் தள்ளி 30 டிகிரி சாய்வில் இருக்கும் ஆட்டுக்கு 260 மீட்டருக்குரிய குறி வைக்க வேண்டும். 45 டிகிரியானால் 212 மீட்டர். இது தெரியாதவர்கள் எப்போதும் மேலே தவறவிடுவார்கள், அப்புறம் காலிபரைக் குறை சொல்வார்கள். சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் தூரமானி வாங்கும் பணம், மேக்னத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட அதிகப் பயன் தரும். உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் குண்டு கொஞ்சம் குறைவாகவே இறங்கும். கடுங்குளிரில் சில வெடிமருந்துகளின் வேகம் குறையும், அது கொஞ்சம் கூடுதலாக இறக்கும். வேட்டைத் தூரங்களில் இவை இரண்டும் சிறிய விஷயங்கள். மேலே ஏறியதும், அனுமதி இருக்கும் இடத்தில், ஒருமுறை குறியைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

சமவெளிக்கு வந்தால்தான் மேக்னம் ஆதரவாளர்கள் குரல் உயரும். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. தட்டையான பாதை என்பதை எண்களில் பாருங்கள். 165 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுள்ள .308ஐயும் 180 கிரெயின் குண்டுள்ள .300 மேக்னத்தையும் 200 மீட்டரில் குறி சரிசெய்தால், 300 மீட்டரில் முன்னது ஏறத்தாழ 28 செ.மீ., பின்னது 23 செ.மீ. இறங்கும். 400 மீட்டரில் 80, 65. மார்புப் பகுதியில் மேலும் கீழும் ஏழரை செ.மீ. வரை தவறலாம் என்று வைத்துக்கொண்டு, குறியை மாற்றாமல் நேராகச் சுடக்கூடிய தூரம் .308க்குச் சுமார் 240 மீட்டர், மேக்னத்துக்கு 265. பதினோரு ஜூல் கூடுதல் உதைக்கு இருபத்தைந்து மீட்டர். தூரமானி வந்த பிறகு அந்த இருபத்தைந்து மீட்டருக்கும் பெரிய மதிப்பில்லை, ஏனென்றால் இறக்கம் எப்போதும் ஒரே மாதிரிதான், அளந்துவிட்டால் திருத்திவிடலாம்.

காற்றை அப்படித் திருத்த முடியாது. மணிக்கு 16 கி.மீ. வேகக் குறுக்குக் காற்று 300 மீட்டரில் மேலே சொன்ன .308 குண்டை ஏறத்தாழ 21 செ.மீ. தள்ளும், மேக்னத்தை 18 செ.மீ. தள்ளும். நீண்டு ஒல்லியான 143 கிரெயின் குண்டுள்ள 6.5 கிரீட்மோரை 15 செ.மீ.தான் தள்ளும். பாதிக்குச் சற்று மேலான வெடிமருந்தோடு வரும் சின்னத் தோட்டா, காற்றில் மேக்னத்தை முந்துகிறது. குண்டின் வடிவம் செய்கிற வேலை இது. மேக்னத்திலும் அப்படிப்பட்ட குண்டைப் போட்டால் அது திரும்பவும் முன்னே வந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றைக் கண்ணால் படிக்கத் தெரியாதவருக்கு எந்தக் காலிபராலும் அதை ஈடுகட்ட முடியாது.

அப்படியென்றால் மேக்னம் எதற்கு? தூரத்தில் மிஞ்சும் வேகத்துக்கு. 400 மீட்டரில் .308 குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 580 மீட்டர். அதாவது, செப்புக் குண்டு சரியாக விரியுமா என்று சந்தேகப்பட வேண்டிய எல்லைக்கு வந்துவிட்டது. மேக்னம் அதே தூரத்தில் 670 மீட்டருக்கு மேல் வைத்திருக்கும், 580க்கு இறங்க இன்னும் சுமார் 150 மீட்டர் போக வேண்டும். எல்க்கைப் போல எடையும் எலும்பும் உள்ள விலங்கைத் திறந்தவெளியில் தூரத்திலிருந்து சுட வேண்டியிருக்கும், அதற்கான பயிற்சியும் இருக்கிறது என்பவருக்கு .300 மேக்னம் கொடுப்பது இதுதான், இது உண்மையான பயன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குண்டு 300 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆகிறது, 400 மீட்டருக்கு அரை நொடிக்கு மேல். நிற்கும் எல்க், நீங்கள் விசையை இழுத்த கணத்தில் ஓர் அடி எடுத்து வைத்தால், நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ச் சேரும். இந்தக் காரணத்தாலேயே என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களை 300 மீட்டருக்குள் நிறுத்திவைக்கிறேன். அதற்கு மேல் சுடுபவர்களில் திறமையானவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். இருந்தும், விலங்கை இன்னும் நூறு மீட்டர் நெருங்குவது எந்தத் தோட்டாவையும்விட நல்ல தீர்வு என்று நினைக்கிறேன்.

மானுக்கு 1000 அடி-பவுண்டு, எல்க்குக்கு 1500 என்று ஓர் ஆற்றல் கணக்கு எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது கைக்கணக்கு, அளந்து நிறுவிய வரம்பு இல்லை. மிக வேகமான குண்டு படும் அதிர்ச்சி அலையே விலங்கை வீழ்த்துகிறது என்ற கருத்தும் அப்படித்தான், இன்றைக்கும் சர்ச்சையில் இருக்கிறது. சில விலங்குகள் அந்த இடத்திலேயே விழுவதையும், அதே இடத்தில் அதே குண்டு பட்ட வேறு சில நூறு மீட்டர் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒற்றை விளக்கம் கிடையாது. குறுக்களவுக்கு நீளமான குண்டு நன்றாக ஊடுருவும் என்பது மட்டும் நிச்சயம். 1894இல் வந்த 6.5×55 ஸ்வீடிஷ், 10 கிராம் குண்டோடு இன்றுவரை ஸ்காண்டிநேவியாவில் மூஸை வீழ்த்துவது அதனால்தான். உதை குறைவு, துளை ஆழம். அந்த ஊர் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் குறைந்த தூரத்திலிருந்து சுடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்தான விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எருமை, யானை போன்றவற்றுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் .375 காலிபர், சிலவற்றில் 9.3 மி.மீ. .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912இலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. அங்கே ஊடுருவலும் குண்டின் எடையும் உயிர்ப் பிரச்சினை, நம்முடைய மூன்று தோட்டாக்களில் எதுவும் போதாது. அந்த எண்ணம் இருந்தால் அதற்கென்று தனி ரைஃபிள் வாங்குங்கள்.

உங்களுக்கான என் பதில் இதுதான். நீங்கள் புதியவர், தூரம் 300 மீட்டருக்குள், எல்க்கும் பட்டியலில் இருக்கிறது என்றால் .308 எடுங்கள். குழல் 51 முதல் 56 செ.மீ., ஸ்கோப்போடு மொத்த எடை 3.6 கிலோ அளவு. ஏற்கெனவே .30-06 தோட்டாவுக்கான ரைஃபிள் வைத்திருப்பவர் அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை, 1906இலிருந்து அது செய்யாத வேலை இல்லை, .308ஐவிட உதை மட்டும் சற்றுக் கூடுதல். தோளில் உதை தாங்காதவர், உடலமைப்பில் சிறியவர், மலையேற்றமே முக்கியம் என்பவர் 6.5 கிரீட்மோருக்குப் போகலாம். எல்க்குக்கு மட்டும் கனமான, ஒட்டிய அல்லது செப்புக் குண்டு போட்டு, விலங்கு பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருந்து, 250 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் அது போதும். இந்த 250 என்பது என் எல்லை, வேறு பயிற்சியாளர் வேறு எண் சொல்லலாம். .300 மேக்னத்தை இப்போது வாங்காதீர்கள். .308இல் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தும், மண்டியிட்டும், குச்சியில் சாய்த்தும் சுட்டுப் பழகி, 300 மீட்டரில் பத்து வேட்டில் பத்தும் ஒரு தட்டு அகலத்துக்குள் விழுகிற நாளில், அப்போதும் தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

குண்டைப் பொறுத்தவரை, காட்டுக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என்று இரண்டு வகை வாங்கினால், ஒவ்வொன்றுக்கும் ரைஃபிள் குறி வேறு இடத்தில் விழும் என்பதை நினைவில் வையுங்கள். .308இல் 165 கிரெயின் ஒட்டிய குண்டு ஒன்றையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்வது எளிது, அருகிலும் சிதறாது, 300 மீட்டரிலும் விரியும். ஈயத் தோட்டா தடை செய்யப்பட்ட இடமாக இருந்தால், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து அப்படித்தான், 150 கிரெயின் செப்புக் குண்டுக்கு மாறுங்கள். செப்பு இலகுவானது என்பதால் அதே எடைக்கு நீளம் கூடும், ஆகவே ஒரு படி இலகுவான குண்டை எடுப்பதில் நஷ்டமில்லை, வேகமும் கூடும். எதை எடுத்தாலும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) பருவத்துக்குப் போதுமான பெட்டிகளை வாங்கிவிடுங்கள். விமானத்தில் போனால் இறங்கியதும் சுடுதளத்தில் மூன்று வேட்டாவது சுட்டுக் குறியைச் சரிபார்த்த பிறகே காட்டுக்குள் நுழையுங்கள்.